தீர்மானப் புத்தகத்தில் தலைவர்களைத் தேடியபோது

தர்மபுரி மாவட்டத்தில் பெண்கள் ஊராட்சித் தலைவர் நாற்காலிக்குக் கூட்டமாக வந்தது 1996 அக்டோபர் தேர்தலில்தான். அவர்கள் விட்டுப்போன தாள்களைத் தேடிப் படிப்பது சில வருடங்களாக என் வேலை. பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். அதனால் கோடை விடுமுறையும் மிச்சமிருந்த தற்செயல் விடுப்புகளும் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களின் பழைய அலமாரிகளுக்கு முன்னால் கழிந்தன. இந்த மாதிரி ஆய்வில் இறங்கும் பிள்ளைகள் அடிக்கடி வழி கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் போனில் சொல்வதற்கு ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

தலைப்பைச் சொன்னதும் வந்த பதில் பெரும்பாலும் ஒன்றுதான். “அதுல என்ன டீச்சர் இருக்கு? அந்தம்மா பேருக்குத் தலைவர். எல்லாத்தையும் வீட்டுக்காரர்தானே பார்த்தாரு.” டீக்கடையிலும் இதைக் கேட்டேன், பேராசிரியர்கள் அறையிலும் கேட்டேன். பாதி உண்மைதான். ஆனால் எந்தப் பாதி என்பது தாளைப் பார்த்தால்தான் தெரியும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டி தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. 1986க்குப் பிறகு பத்து வருடம் உள்ளாட்சித் தேர்தலே நடக்காமல் இருந்து, 1996இல் இந்த ஒதுக்கீட்டோடு நடந்தது. ஒன்றை யோசித்துப் பாருங்கள். 1991 முதல் 1996 வரை முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா, அன்றைய தர்மபுரி மாவட்டத்துப் பர்கூர் தொகுதியின் எம்எல்ஏ. மாநிலத்தை ஆண்டவர் இந்த மண்ணின் தொகுதியிலிருந்து போன பெண். அதே சமயம் இந்த மாவட்டத்து ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் என்று ஆணும் கிடையாது, பெண்ணும் கிடையாது. அரசு நியமித்த தனி அலுவலர்தான். ஒதுக்கீடு பாதியாக உயர்ந்தது 2016 சட்டத்தில். நம் ஊர்ப்பக்கம் அது நடைமுறைக்கு வந்தது 2019 டிசம்பர் தேர்தலில்.

அலுவலக வாசலை மிதிக்கும் முன், ஏற்கெனவே எழுதப்பட்டதைப் படித்துவிடுங்கள். முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்ட ஆய்வேடுகளும் அங்கே உண்டு. பெண் ஊராட்சித் தலைவர்கள் என்று தேடினால் நிறைய வரும். உண்மையைச் சொன்னால், பலவற்றின் முதல் இரண்டு இயல்களில் புதிதாக ஒன்றும் இருக்காது. வேத காலத்தில் பெண் என்று ஆரம்பித்து எல்லோரும் ஒரே பாதையில் நடந்து வருவார்கள். நான் நன்றியுரையை முதலில் படிப்பேன். எந்த அலுவலகம் இவருக்குக் கதவைத் திறந்தது, எந்தப் பதிவறை எழுத்தர் உதவினார் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அடுத்து பின்னிணைப்பு. அரசாணை எண்கள், வினாநிரல், சில நேரம் ஒரு கூட்டத்தின் முழு நடவடிக்கைக் குறிப்பே அங்கே கிடக்கும்.

அரசு அறிக்கைகளிலும் இப்படித்தான். பெண்களின் நிலை பற்றிய தேசியக் குழு 1974இல் கொடுத்த அறிக்கை, சட்டமன்றங்களில் பெண்களுக்கு இட ஒதுக்கீடு வேண்டாம் என்று பெரும்பான்மை முடிவாகச் சொன்னது. அந்தக் குழுவிலேயே இருந்த வீணா மஜும்தாரும் லோத்திகா சர்க்காரும் அதற்கு மறுப்புக் குறிப்பு எழுதினார்கள். பின்னால் வந்த விவாதத்துக்கெல்லாம் விதை அந்த மறுப்புக் குறிப்பில்தான் கிடக்கிறது. முடிவுரையைப் படித்துவிட்டு மூடி வைப்பவருக்கு அது கண்ணிலேயே படாது.

வெளிமாநில ஆய்வுகளில் எனக்கு மிகவும் உதவியது ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டூஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் செய்து 2004இல் வெளியிட்டது. பெண் தலைமைக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சாயத்துகளில் குடிநீருக்கு அதிகம் செலவானது என்பது அவர்கள் கண்டது. சாலை விஷயத்தில் இரண்டு மாநிலமும் ஒத்துப்போகவில்லை. மேற்கு வங்கத்தில் கூடியது, ராஜஸ்தானில் குறைந்தது. அங்கங்கே பெண்கள் எதைக் கேட்டார்களோ அந்தப் பக்கம் பணம் போயிருக்கிறது. அதைப் படித்த பிறகுதான், பேட்டி எடுப்பதற்கு முன்னால் செலவுக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது.

சென்னைக்குப் போக வேண்டியவர்களுக்கு இரண்டு இடம் சொல்கிறேன். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். காப்பகத்துக்கு உங்கள் கல்லூரியின் கடிதம் வேண்டும். உள்ளே பென்சில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அட்டவணைத் தொகுதிகளோடு உட்கார்ந்து துறை, வருடம், ஆணை எண் மூன்றையும் குறித்துக்கொண்டு அப்புறம் கேட்டால்தான் கோப்பு கைக்கு வரும். “பெண்கள் அரசியல் பற்றி ஏதாவது கொடுங்க” என்றால் ஊழியர் என்ன செய்வார், பாவம். பழைய பத்திரிகைகளுக்கு ரோஜா முத்தையா. பயணச் செலவு கட்டுப்படியாகாதவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தொடங்கலாம், பழைய இதழ்கள் நிறைய இருக்கின்றன. முத்துலட்சுமி ரெட்டி 1926இல் சென்னை சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு, அடுத்த வருடமே அதன் துணைத் தலைவரானவர். அவருடைய தனித் தாள்கள் இருப்பது தில்லி தீன்மூர்த்தி நூலகத்தில். புதுக்கோட்டையில் பிறந்து சென்னையில் வாழ்ந்தவரின் கடிதங்களைப் படிக்க தில்லிக்கு ரயில் ஏற வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

நம் மாவட்டத்து ஆய்வாளர்கள் எல்லைக் கணக்கில் கவனமாக இருக்க வேண்டும். 1965 அக்டோபர் 2க்கு முன் தர்மபுரி என்று மாவட்டமே இல்லை, எல்லாம் சேலம். அதற்கு முந்தைய தாள்களைச் சேலம் என்ற தலைப்பில் தேடுங்கள். இன்னும் பின்னால் போனால் இந்தப் பகுதிக்குப் பாராமகால் என்று பெயர். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9 அன்று. ஆக 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதலில் அச்சான தர்மபுரி எண்கள் இரண்டு மாவட்டமும் சேர்ந்தவை. பின்னால் வந்த அட்டவணைகளில் அதே 2001க்குப் பிரித்துக் கணக்கிட்ட எண் இருக்கும். பெண் சிசுக்கொலை பற்றி எழுதுபவர்கள் குழந்தைகள் பாலின விகிதத்தை 2011ஓடு ஒப்பிடும்போது எந்தத் தர்மபுரி என்று பார்க்காமல் போட்டுவிடுகிறார்கள். அச்சான கட்டுரைகளிலேயே இந்தக் குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன். அட்டவணையின் அடிக்குறிப்பை ஒரு தடவை படித்தால் போதும்.

சரி, ஊராட்சித் தாளுக்கு வருகிறேன்.

ஓர் ஊராட்சியில் நமக்கு வேண்டியவை தீர்மானப் புத்தகம், ரொக்கப் பதிவேடு, செலவுச்சீட்டுக் கட்டு, காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டை. வேலைகளின் அளவுப் புத்தகம் ஒன்றியத்துப் பொறியாளர் பிரிவில் இருக்கும். முன்னாள் ஊராட்சி செயலர் யாராவது உயிரோடு இருந்தால் முதலில் அவரைப் பாருங்கள். எங்க ஊர்ப்பக்கம் ‘கிளார்க்’ என்றுதான் சொல்வோம். எந்தப் புத்தகம் எந்த பீரோவின் அடித்தட்டில் என்று அவருக்குத்தான் தெரியும்.

1996க்குப் பிந்தைய தீர்மானப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தால், எழுத்து முழுவதும் கிளார்க் கையெழுத்து. “தலைவர் அவர்கள் கொண்டுவந்த பொருள் மன்றத்தில் விவாதிக்கப்பட்டு ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.” பக்கத்துக்குப் பக்கம் இதே வாக்கியம். இதை வைத்து யார் பேசினார், யார் வாயை மூடிக்கொண்டார் என்று எதுவும் சொல்ல முடியாது. வாக்கியத்தை விட்டுவிட்டு அடியில் இருக்கும் கையெழுத்துகளைப் பாருங்கள்.

பென்னாகரம் பக்கத்து ஊராட்சி ஒன்றின் புத்தகம். முதல் சில கூட்டங்களில் தலைவர் இடத்தில் ஊதா மையில் இடது பெருவிரல் ரேகை. பக்கத்தில் ‘இ.பெ.வி.ரேகை’ என்று கிளார்க்கின் சின்ன எழுத்து. அடுத்த வருடத்துப் பக்கங்களில் பெயரின் முதல் எழுத்து மட்டும், பென்சிலில் யாரோ போட்டுக் கொடுத்த புள்ளிகளின் மேல் பேனாவை இழுத்தது. புள்ளிகள் இன்னும் தெரிகின்றன. அப்புறம் முழுப் பெயர், கோடு மேலே ஏறி இறங்கி. 1999 வாக்கில் கையெழுத்து நேராகிவிட்டது. அது மட்டுமில்லை, ஒரு தீர்மானத்தின் ஓரத்தில் அதே கையால் ‘பார்க்கணும்’ என்று ஒற்றை வார்த்தை. எந்தத் தீர்மானம் என்றால், ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டார் வாங்கிய கணக்கு. பெயருக்குத் தலைவராக இருந்தவர் கணக்கின் ஓரத்தில் ‘பார்க்கணும்’ என்று எழுதுவாரா?

தண்ணீர்த் தீர்மானங்கள் எங்கள் மாவட்டத்தில் தனி அத்தியாயமே எழுதும் அளவுக்கு இருக்கின்றன. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. பல் கறை பிடித்து, மூட்டு வளைந்தவர்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2013இல்தான். அதுவரை அடிபம்ப், ஆழ்துளைக் கிணறு, மேல்நிலைத் தொட்டி என்று மன்றக் கூட்டம் மாற்றி மாற்றி இதையேதான் பேசியிருக்கிறது. எந்தத் தெருவுக்குப் பம்ப் போனது என்பதைத் தெருப் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். ஊர்த் தெருவா, காலனியா என்று பார்த்தால், அந்தத் தலைவர் யாரிடம் ஓட்டு வாங்கி, யாருக்குப் பயந்து வேலை செய்தார் என்பதற்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும்.

நான் கண்டுபிடித்ததில் எனக்கே பிடித்த வழி காசோலைதான். ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கியது; அதுவும் பட்டியல் சாதிப் பெண் என்றால் துணைத் தலைவர் பல இடங்களில் ஊர்ப் பெரிய குடும்பத்து ஆண். அவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தால் வேலை நின்றுவிடும். தீர்மானப் புத்தகத்தில் இந்தச் சண்டை ஒரு வரி கூட இருக்காது. ஆனால் தீர்மானத் தேதியையும் அடிக்கட்டையில் உள்ள தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரு வருடத்தில் ஏழெட்டு நாளில் முடிந்த காரியம் அடுத்த வருடத்தில் மாதக்கணக்கில் இழுத்தால், நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. அந்த இடைவெளியைத்தான் நான் பேட்டிக்குக் கையோடு எடுத்துப் போனேன்.

தமிழ்நாட்டில் ஒதுக்கீடு பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் சுழன்றது. 1996இல் பெண்ணுக்கு ஒதுக்கிய ஊராட்சி 2001இலும் பெண்ணுக்கே. அதனால் ஒரே ஊரில் அடுத்தடுத்த இரண்டு தலைவர்களை, சில இடங்களில் ஒரே தலைவரின் இரண்டு பதவிக் காலத்தை, ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பக்கத்து ஊரோடு ஒப்பிடுவதைவிட இது எவ்வளவோ மேல். தனி அலுவலர் காலத்துப் பக்கங்களையும் தள்ளிவிடாதீர்கள். ஒரே ஆளின் முத்திரை, ஒரே கையெழுத்து, சத்தமே இல்லாத பக்கங்கள். 2016 முதல் 2019 வரை இப்படி. 2025 ஜனவரி 5இல் நம் மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். பொறுப்பு கைமாறும் போதுதான் பழைய புத்தகங்கள் காணாமல் போகின்றன. கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும்போது வெளியே போட்டு, மழையில் நனைந்து, கடைசியில் பழைய பேப்பர் கடைக்குப் போன கட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

அலுவலகத்தில் புத்தகத்தைக் காட்ட மறுத்தால் சண்டை போடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகல் கேட்பதற்குப் பதிலாக ‘நேரில் பார்வையிட’ அனுமதி கேளுங்கள். சட்டத்தின் 2(j) பிரிவு அதைக் கொடுக்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. எந்த ஊராட்சி, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று குறுகலாகக் கேட்டால் தட்டிக்கழிப்பது கஷ்டம். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. ஒரு அலுவலகத்தில் “அப்படி ஒரு பதிவேடே இல்லை” என்று எழுத்தில் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தையும் கோப்பில் வைத்திருக்கிறேன். இல்லை என்று சொன்ன தாளும் ஆவணம்தான்.

பேட்டிக்கு வருகிறேன். ‘நீங்கள் சுதந்திரமாகச் செயல்பட்டீர்களா?’ என்று கேட்டால் ‘ஆமாம்மா’ என்பார்கள். பக்கத்தில் மகனோ வீட்டுக்காரரோ இருந்தால் இன்னும் சீக்கிரம் சொல்வார்கள். நான் கேள்வித்தாளை மூடிவிட்டு, அவர்கள் கையெழுத்துள்ள பக்கத்தின் நகலைக் கையில் கொடுப்பேன். அந்தப் பென்னாகரம் அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலால் தன் பெயரைத் தடவிப் பார்த்தார். “இது நான் போட்டதுதான் கண்ணு. அறிவொளி எழுத்தறிவு வகுப்புல கத்துக்கிட்டது. மோட்டாரு வெல ஜாஸ்தின்னு எனக்குத் தெரியும், எங்க அண்ணன் மோட்டாரு வேலதான் பாக்குறாரு. நான் பார்க்கணும்னு எழுதினதுக்கு அப்புறம் மூணு மாசம் என்கிட்ட யாரும் பேசல.” வீட்டுக்காரர் திண்ணையிலிருந்து, “அப்ப நான் வேணான்னுதான் சொன்னேன்” என்றார். “நீ சொன்ன, நான் கேக்கல” என்றார் அந்த அம்மா. அரை மணி நேரம் கேள்வி கேட்டும் வராதது, ஒரு ஜெராக்ஸ் தாளில் வந்துவிட்டது.

எல்லா இடத்திலும் இப்படி அமையாது. சில ஊர்களில் கையெழுத்து ஐந்து வருடமும் ஒரே மாதிரி, அழகாக, வேகமாக இருக்கும். அந்த அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னால் அந்தக் கை வராது. யார் போட்டது என்று கேட்காமலே புரிந்துவிடும். கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தத் தேவையில்லை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேறொரு சிக்கல். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற தலைவர், புத்தகம் முழுவதும் அலுவலகத் தமிழ். அங்கே போகும்போது மொழி தெரிந்த ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆணைக் கூட்டிப்போனால் பேச்சு அவருக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் நடந்து முடிந்துவிடும்.

நான் பேசிய தலைவர்களில் பலர் மகளிர் சங்கத்திலிருந்து, அதாவது சுய உதவிக் குழுவிலிருந்து, வந்தவர்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு முதலில் தொடங்கியது தர்மபுரி மாவட்டத்தில்தான். 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கியது. ‘மகளிர் திட்டம்’ என்று மாநிலம் முழுக்கப் போனது பின்னால். அந்த முதல் காலத்துச் சங்க நோட்டுகள் எந்தக் காப்பகத்திலும் தேடிக் கிடைக்காது. ஊக்குநராக இருந்தவர் வீட்டு டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் அடியில் இருக்கும். ஊராட்சிப் புத்தகத்தைவிட இவை எவ்வளவோ உயிரோட்டமானவை. ஏனென்றால் எழுதியது அவர்களே. யார் கூட்டத்துக்கு வரவில்லை, ஏன் அபராதம், யாருடைய கடனுக்கு யார் எதிர்ப்பு என்று எல்லாம் பெயரோடு இருக்கும். சாராயக் கடையை எடுக்கச் சொல்லி மனு கொடுக்கப் போன நாளின் பஸ் செலவு வரை ஒரு நோட்டில் பார்த்தேன். பொது வாழ்க்கைக்குள் அவர்கள் எடுத்து வைத்த முதல் அடி பல இடங்களில் அந்த நோட்டில்தான் பதிவாகியிருக்கிறது.

பெயர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் பெண்களும் பொது வாழ்க்கையும் என்று எழுதினால் வாச்சாத்தியைத் தாண்டிப் போக முடியாது. அரூர் வட்டத்தில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சேர்ந்து நடத்திய கொடுமை. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அரசு முதலில் மறுத்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல், அதே செப்டம்பர் 29. தீர்ப்புகளைச் சுருக்கமாக வேறொருவர் எழுதியதில் படிக்காதீர்கள், மூலத்தைப் படியுங்கள். மலையடிவாரத்துப் பெண்கள் அத்தனை வருடம் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லி நின்றதுதான் அந்த வழக்கின் முதுகெலும்பு. ஆனால் பழைய தாள் எதிலாவது பாதிக்கப்பட்டவரின் பெயர் கண்ணில் பட்டால் அதை உங்கள் எழுத்தில் போடக்கூடாது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 228ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 72. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த ஊரில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். சங்க நோட்டில் உள்ள கடன் தகராறுகளுக்கும் இதே கட்டுப்பாட்டை நானாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தாளைக் கையாள்வது பற்றிச் சில விஷயங்கள். படம் எடுக்கும் முன் அட்டையை எடுங்கள், ஊர்ப்பெயர், வருடம் தெரியும்படி. இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து எந்தப் பக்கம் எந்த ஊர் என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள். துரு ஏறிய குண்டூசியை இழுக்காமல், அடியில் ஒரு தாளைக் கொடுத்து மெதுவாக நெம்பி எடுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது. கொஞ்ச வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். பாசத்தில் லேமினேஷன் போட்டு வைக்கிறார்கள், அதுவும் வேண்டாம். பழைய ஃபேக்ஸ் தாள் கிடைத்தால் அன்றைக்கே நகல் எடுங்கள், எழுத்து மங்கிக்கொண்டே இருக்கும். டிரங்குப் பெட்டியில் வசம்புத் துண்டு துணியில் முடிந்து போடச் சொல்லுங்கள். பூச்சிக்கு நம் பாட்டிகள் கண்ட வழி அது, வீட்டுக்காரர்களும் மறுப்பு சொல்ல மாட்டார்கள்.

எந்த வீட்டு நோட்டையும் நான் எடுத்து வருவதில்லை. அங்கேயே உட்கார்ந்து படம் பிடித்து, அச்செடுத்து, ஒரு பிரதியை அடுத்த முறை போகும்போது அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். இன்னொன்று என் வழிகாட்டியின் துறை நூலகத்தில். அந்தப் பிரதியோடு ஒரு தனித்தாள் வைக்கிறேன்: யார் கொடுத்தது, எந்தத் தேதியில், எந்தப் பக்கங்களை வெளியே காட்டலாம், எவற்றை வேண்டாம் என்று சொன்னார்கள். கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன். ரேகை வைத்தவர்களும் உண்டு.